நண்டு வளை

வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவுக்குப் பின்னால்
இரண்டாம் மாடியில் எங்கள் ஸ்கேன் சென்டர்.
லிஃப்ட் சித்திரையிலிருந்து வேலை செய்வதில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஏறி வந்தார் பலவேசம்.
ஊர் முக்கூடல். பொதுப்பணித்துறையில் லஸ்கர்,
கால்வாய்க் கரைக்குக் காவல்.

"பதினெட்டு வயசுல கபடியில தெறிச்ச பல்லு மேடம்.
மண்ணுல கிடந்தத இளநியில போட்டுக் கொண்டுபோனோம்.
அன்னைக்கே நட்டாங்க. பதினாறு வருசமா நிக்கு."

மேல்வரிசை, முன்பல், இடது.
நிறம் மட்டும் கொஞ்சம் தேயிலை.

முதலில் தபால்தலை அளவுப் படம்.
வேர் ஒரு வெள்ளைக் கூம்பு, விளிம்பில் வடு இல்லை.
அடுத்து, தாடையைச் சுற்றி வந்து எடுக்கும் நீளப் படம்.
எல்லாப் பற்களும் கல்யாண வீட்டு போட்டோ மாதிரி நின்றன.
நடுவில் கழுத்தெலும்பின் நிழல் விழுந்து
மணமக்கள் முகம் மட்டும் தெரியவில்லை.

மூன்றாவது படத்துக்கு ரேட் சொன்னேன்.
அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
"அப்போ இந்த ரெண்டும் பொய்யா சொல்லுது?"

பொய் இல்லை. நேரே நின்று பார்த்தவை.
குழி உதட்டுப் பக்கம் இருந்தால்
பல் தன் உடம்பாலேயே அதை மறைத்துவிடும்.

"ஓ, நண்டு வளை" என்றார்.
"கரைமேல வண்டியில போனா ஒண்ணும் தெரியாது.
உள்சரிவுல, தண்ணிக்கு ஒரு சாண் கீழ இருக்கும்,
ரெண்டு விரல் போற அளவு.
ஒரு பூவுக்குள்ள கரை பஞ்சாயிரும்."

தலையை அசைக்காதீங்க. எச்சில் விழுங்காதீங்க.
இயந்திரம் அவரை ஒரு சுற்றுச் சுற்றியது.

வெள்ளரிப்பிஞ்சைச் சீவுவதுபோல
வேரைத் துண்டு துண்டாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.
எழுபத்தேழாம் துண்டில், உதட்டுப் பக்கம்,
கறுப்பாக ஒரு நகக்கீறல்.
எழுபத்தெட்டிலும் இருந்தது.
எண்பதில் இல்லை.
பக்கத்துப் பல்லில் உலோகத் தொப்பி வேறு,
அதிலிருந்தும் இதே கறுப்பில் கோடுகள் வரும்.

'இதோ' என்று வாய் வரை வந்ததை
நான்தான் விழுங்கினேன்.

படிக்கிற காலத்தில்
பிடுங்கிய பற்களில் குண்டூசித் தலையளவு துளை போட்டோம்.
காய்ந்த தாடையில் நட்டுப் படமெடுத்து, எண்களைக் கலைத்து,
ஏழு பேர் உட்கார்ந்து தேடினோம்.
பெரிய குழியை எல்லாரும் பிடித்தார்கள்.
சின்னதில் பாதிப்பேர் தோற்றார்கள்.
துண்டு போடும் இயந்திரம்தான் மற்ற இரண்டையும் ஜெயித்தது,
அதில் சந்தேகமில்லை.
ஆனால் யாரும் தொடாத ஒரு முழுப்பல்லில்
நான்கு பேர் துளை கண்டார்கள்.
அதில் ஒருத்தி நான்.
துளை போட்டவளும் நான்.

அன்றைக்கு விடை தெரிந்தது,
பல் கையில் இருந்ததால்.
பலவேசத்தின் பல் பலவேசத்திடம் இருக்கிறது.

'வேர் அரிப்பு இருக்கலாம்' என்று அடித்தேன்.
'லாம்' இரண்டெழுத்தையும் அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

"எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்லா?"
தெரிஞ்சிரும். பல் இருக்காது.
அவர் சிரித்தார்.
"கரைய வெட்டினாலும் அப்படித்தான்.
நண்டு உண்டா இல்லையான்னு நிச்சயமாத் தெரியும்.
மறுநா வயலெல்லாம் தண்ணி நிக்கும்."

அப்போ என்ன செய்வீங்க?

"பக்கத்துல ஒரு குச்சிய ஊனி வச்சிருவோம்.
வாரம் ஒருக்கா போய், குனிஞ்சு, பாப்போம்."

ஆறு மாதம் கழித்து மீண்டும் இதே கோணத்தில்,
என்று கடைசி வரியில் சேர்த்தேன்.
இனி டாக்டர் ஏஞ்சலின் பார்த்துச் சொல்ல வேண்டும்.
உறையை வாங்கி பெட்ரோல் டேங்க் கவருக்குள் வைப்பதாகச் சொன்னார்,
மழைக்கு அதுதான் பத்திரமாம்.

படியிறங்கும் வளைவில் ஒரு நொடி நின்றார்.
இடதுபக்கம் மேலுதடு
உள்ளிருந்து மெல்லப் புடைத்து,
எதையோ தேடி,
அடங்கியது.